துவக்குகளுக்கு நடுவில் ஒரு கேத்தல்

சிவமயம்

வெள்ளவத்தை,
17.08.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

உம்முடைய மச்சாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் மிதுஷனும் உடம்பளவில் சுகம். மற்றச் சுகத்தைப் பற்றி எழுதத்தான் பேனையை எடுத்தேன். நீரும் உம்முடைய வீட்டுக்காரியும் அங்கே நலமாக இருக்கவேண்டும் என்று வைரவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர். போனில் எடுத்தால் வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்பீர். பிறகு எடுத்தாலும் நான் அழத் தொடங்கிவிடுவேன், நீர் தேற்றத் தொடங்கிவிடுவீர், சொல்ல வந்த விஷயம் அப்படியே கிடக்கும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீர் குறுக்கே வரமுடியாது. சிவானி வியாழக்கிழமை லண்டனுக்கு வெளிக்கிடுகிறாள். அவளுடைய பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் இடையில் இதை ஒட்டி வைத்து அனுப்புகிறேன். இதற்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உம்முடைய மகள் தங்கமான பிள்ளை. பின்னேரமானால் கொத்துரொட்டி வேண்டும் என்கிறாள், வாங்கிக் கொடுத்தால் உறைக்கிறது என்று கண்ணீர் விடுகிறாள், அடுத்த நாளும் அதையே கேட்கிறாள். வாகனம் ஓயாத காலி வீதியைக் கடக்கப் பயம். மிதுஷன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். தன்னை விட வயதில் மூத்தவளைக் குழந்தை மாதிரி இழுத்துக்கொண்டு போவதில் அவனுக்குப் பெரிய பெருமை. மாலையில் இரண்டு பேரும் மரைன் டிரைவில் போய் இருந்து கடலைப் பார்த்துக் கதைப்பார்கள். இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலம். அவள் வாயில் ஒன்றும் தங்காது. அது அவளுக்குப் பிழை இல்லை, தம்பி. உமக்குத்தான் பிழையாகப் போய்விட்டது.

எங்கள் முன் அறையில் கலியாணப் படம் மாட்டியிருக்கிறது, தெரியும்தானே. சமாதான காலத்தில் கிளிநொச்சியில் எடுத்தது. நான், உம்முடைய அண்ணா, அண்ணாவுக்குப் பக்கத்தில் அவருடைய சிநேகிதன், இயக்க உடுப்போடு. சண்டை முடிந்து, ஆமியின் முகாமில் எங்களைப் பதியக் கூப்பிட்ட அன்று காலை, பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் வாங்கிச் சிநேகிதனை வெட்டி எடுத்தேன். அண்ணாவின் தோளில் இருந்த அவனுடைய கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் தோளும் போய்விடும். நான் மட்டுமா வெட்டினேன்? அன்று அந்தக் கத்தரிக்கோலுக்கு வரிசையில் நின்றார்கள். எங்கள் சனத்தின் அல்பங்களைப் பார்த்தால் பாதிப் படம் ஒரு பக்கம் இல்லாமல்தான் இருக்கும்.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிவானி அந்தப் படத்தைப் பார்த்து, பெரியப்பாவின் தோளில் இருப்பது யாருடைய கை என்று கேட்டாள். சொன்னேன். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அப்போது அவள் புட்டைக் குழைத்துக்கொண்டே, "அப்பாட்ட இருக்கிற பெரியப்பான்ர படத்தில ஒருத்தரையும் வெட்டேல்லையே பெரியம்மா" என்றாள்.

என்ன படம் என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். உங்களுக்கு விசா கிடைத்த பத்திரங்களோடு ஒரு பைலில் இருக்கிறதாம். சின்ன வயதில் ஒருநாள் நீரே காட்டி, இதுதான் உன் பெரியப்பா, இந்தப் படத்தால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொன்னீராம். நிலத்தில் நீல நிறத் தறப்பாள் விரித்து அதன்மேல் துவக்குகளைக் குவித்திருக்கிறதாம். அதற்குப் பின்னால் பெரியப்பாவும் இன்னும் ஆறேழு பேரும், தலைக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு வரிசையாக இருக்கிறார்களாம். ஓரத்தில் சப்பாத்துக் கால்கள் தெரிகிறதாம். வேறென்ன இருந்தது, நல்லாய் யோசித்துச் சொல்லு பிள்ளை என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு கேத்தல் பெரியம்மா, துவக்குகளுக்கு நடுவில தேத்தண்ணி வைக்கிற கேத்தல்" என்றாள்.

தம்பி, அந்தக் கேத்தலை எனக்குத் தெரியும்.

நீர் வழக்கைப் பற்றிக் கேட்பதை விட்டு அதிக காலமாகிவிட்டதால் விளக்கமாக எழுதுகிறேன். உம்முடைய அண்ணாவைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று நான் போட்ட மனுவுக்கு அரச தரப்பு என்ன பதில் கொடுத்தது தெரியுமா? சண்டையின் கடைசி நாட்களில், அண்ணா காணாமல் போன அந்த இடத்தில் ஒருவரும் உயிரோடு பிடிபடவில்லையாம். ஆயுதங்கள் மட்டும்தான் கைப்பற்றப்பட்டனவாம். அதற்குச் சாட்சியாக ஒரு படம் கொடுத்தார்கள், இடமும் திகதியும் போட்டு. நீலத் தறப்பாளில் துவக்குகள், நடுவில் ஒரு அலுமினியக் கேத்தல், மூடி இல்லாமல். கீழே சிங்களத்தில் எத்தனை துவக்கு, எத்தனை குண்டு என்று எழுதியிருந்ததை எங்கள் லோயர் ஸமீமா வாசித்துக் காட்டினா. கடைசி வரியில் கேத்தல் ஒன்று என்றும் இருந்தது.

அன்று என்னோடு கோர்ட்டுக்கு யோசெப்பின் அக்கா வந்திருந்தார். கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறவர். அவருடைய மகன் அன்ரனும் அதே இடத்தில், அதே நாட்களில் காணாமல் போனவன். அவருடைய மனுவும் என்னுடையதும் ஒரே நாளில்தான் கூப்பிடுவார்கள். கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார், "கேத்தலையும் விடாமல் பிடிச்சிருக்கினம், அது என்ன பதவியில இருந்ததோ" என்று. அழவேண்டிய நாளில் இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். கேத்தலுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு இல்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

இப்போது விளங்குகிறதா? அவர்கள் கோர்ட்டில் கொடுத்ததும் உம்முடைய பைலில் இருப்பதும் ஒரே படம். மேல்பாதியை வெட்டிவிட்டு ஆயுதங்களை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். வெட்டாத படம் இத்தனை காலமும் உம்மிடம் இருந்திருக்கிறது.

இனி எழுதுவது கோபத்தில் எழுதுவது. வாசித்துத்தான் ஆகவேண்டும். மிதுஷன் பள்ளிக்கூடம் தொடங்கிய வருஷம் நீர் போன் எடுத்து, மச்சாள், இனி நம்பிக்கை வையாதேயுங்கோ, அண்ணா சண்டையிலேயே முடிஞ்சிருப்பார், ஒரு நாளைப் பார்த்துத் திவசத்தைச் செய்துபோடுங்கோ என்றீர். நான் பொட்டை அழிக்கமாட்டேன் என்று கத்தினேன். பிறகு கன மாதம் உம்மோடு கதைக்கவில்லை. உம்முடைய அம்மாவும் சாகும்வரை என்னைப் பிடிவாதக்காரி என்றுதான் சொன்னா. அந்தப் போனை நீர் எடுத்தபோது இந்தப் படம் உம்முடைய அலுமாரியில் இருந்தது. அண்ணாவை உயிரோடு பிடித்தார்கள் என்று வெள்ளைக்காரனுக்குச் சொல்லி விசா வாங்கினீர். எனக்குச் செத்துப்போனார் என்றீர். இரண்டில் எதை நீர் நம்பினீர் என்று கேட்கிறேன். அந்த நாளில் இந்தப் படம் என் கையில் இருந்திருந்தால் அவரைத் தேடிப்போக ஒரு வாசலாவது தெரிந்திருக்கும். இதை நினைக்க எனக்கு நெஞ்சு எரிகிறது.

எரிந்தாலும் நான் விசரி இல்லை. உம்முடைய பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். என் மனுவில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், இயக்கத்தோடு ஒரு தொடர்பும் இல்லை என்று சத்தியம் செய்து எழுதியிருக்கிறது. அப்படி எழுதச் சொன்னவரில் நீரும் ஒருவர். மனுப் போட வரிசையில் நின்ற எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் சங்கக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை செய்தவர்கள் என்றால் அந்தத் துவக்குகளை யார் பிடித்தது என்று ஸமீமா ஒருநாள் பகிடியாகக் கேட்டா. அண்ணா இயக்கத்துக்கு வாகனம் ஓடினவர் என்பது ஊருக்கே தெரியும். ஆக, ஒரே வீட்டில் ஒரே மனிதனைப் பற்றி இரண்டு சத்தியம். கொழும்பில் அவரைத் திருப்பி எடுக்க, அவர் இயக்கமே இல்லை என்று நான். லண்டனில் நீர் தப்ப, அவர் இயக்கம்தான் என்று நீர். படம் வெளியே வந்தால் என் சத்தியம் பொய்யாகிவிடும் என்று நீர் பயந்திருக்கலாம்.

உமக்கு உம்முடைய பயமும் இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோகிறீர், இணுவிலில் வீடு கட்டுகிறீர். பெயர் கோர்ட்டில் வந்தால் கட்டுநாயக்காவில் பிளேனால் இறங்கும்போது ஒரு பக்கமாகக் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள். மிதுஷனை அங்கே படிக்க எடுக்க நீர் அலைவதும் தெரியும். இதெல்லாம் பொய்ப் பயம் என்று நான் சொல்லமாட்டேன். எங்களில் பயம் இல்லாதவர் யார்?

இப்போது எனக்கு வேண்டியதை எழுதுகிறேன். ஸமீமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விஷயம் வேண்டும் என்றா. ஒன்று, அந்த அசல் படம், முழுதாக. மற்றது, அதை யார் தந்தது, எப்போது கிடைத்தது என்று நீர் சத்தியம் செய்து எழுதின கடதாசி. அவர்களே இடமும் திகதியும் போட்டுக் கொடுத்த படத்தின் மிச்சத்தில் ஆட்கள் இருந்தால், ஒருவரும் பிடிபடவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. கார்த்திகையில் வழக்குக் கூப்பிடுகிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் காணாமல் போனவர் என்ற சான்றிதழை எடுத்துக்கொண்டு மனுவை முடித்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதி போன தவணையே கேட்டுவிட்டார். இதுதான் கடைசித் தவணை, தம்பி.

என் பங்குக்கு நான் தீர்மானித்துவிட்டேன். கூண்டில் ஏறி, ஓம், என் மனுசன் இயக்கத்தில் இருந்தவர்தான் என்று சொல்லப்போகிறேன். பொய்ச் சத்தியம் செய்ததற்கு எனக்குக் கரைச்சல் வரலாம் என்று ஸமீமா சொன்னா. வரட்டும். துவக்கோடு பிடித்தவனையும் எங்கே வைத்தோம், என்ன செய்தோம் என்று பிடித்தவன் சொல்லத்தானே வேண்டும்.

சிவானியை ஏசாதேயும். அவள் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். அந்தப் பெரியப்பாவின் படத்தை அவள் பயமில்லாமல் நினைவில் வைத்திருந்தது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூட வறுபட்டுவிட்டது, பார்த்துப் போடச் சொல்லும். வீட்டுக்காரியின் முழங்காலுக்கு எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

உமக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இதை எவ்வளவு கோபத்திலும் மனதாரத்தான் எழுதுகிறேன். படத்துக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சாள்,
கேதீஸ்வரன் சரோஜினிதேவி.

***

சிவமயம்

வெள்ளவத்தை,
26.10.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

உம்முடைய பதிவுத் தபால் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அன்றிலிருந்து இங்கே விடாத மழை. கால்வாய் நிரம்பி எங்கள் ஒழுங்கைவரை தண்ணீர். தபால்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கையெழுத்து வைக்கச் சொல்லித் தந்தார். பல் டொக்டரின் கிளினிக்குக்கு அன்று நான் வேலைக்குப் போகவில்லை. என்ன சாட்டுச் சொன்னேன் என்றும் ஞாபகம் இல்லை.

கவரை உடைக்க எனக்குக் கை வரவில்லை. மிதுஷன்தான் உடைத்தான். பிளாஸ்ரிக் உறை போட்டு, இரண்டு கரையும் அழுத்தி, பள்ளிக்கூடச் சான்றிதழ் மாதிரி ஆக்கி அனுப்பியிருக்கிறீர். முதலில் நான் உம்மைக் கும்பிட்டேன், தம்பி. உண்மையைச் சொல்கிறேன், படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு லண்டன் இருக்கும் திசை தெரியாமல் யன்னலைப் பார்த்துக் கும்பிட்டேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவருடைய முகம். நான் கடைசியாகக் கண்டதற்கும் பிறகு எடுத்த முகம். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து. வலது புருவத்துக்கு மேல் காயம், இரத்தம் காய்ந்திருக்கிறது. நான் அறியாத காயம். அதைத் துடைக்கவும் ஒருவரும் இல்லாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். மேல்வீட்டுச் சனம் இறங்கி வந்துவிட்டது.

மிதுஷன் படத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். பிறகு மழையையும் பார்க்காமல் கடற்கரைக்குப் போய்விட்டான். அப்பாவின் முகம் என்று அவன் இதுவரை பார்த்ததெல்லாம் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரிக்கிற முகம்.

அழுது ஓய்ந்த பிறகுதான் நீர் அதோடு வைத்திருந்த துண்டுக் கடிதத்தை வாசித்தேன். மச்சாள், இது உங்களுக்குப் போதும், துவக்குகள் தெரிந்தால் உங்களுக்கும் மிதுஷனுக்கும் பிறகு கரைச்சல், அதனால் அண்ணாவை மட்டும் எடுத்து அனுப்புகிறேன், கோர்ட் விஷயத்தில் என்னை இழுக்காதேயுங்கோ என்று எழுதியிருக்கிறீர். அதற்குப் பிறகுதான் படத்தின் ஓரங்களைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது. பின்பக்கம் மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. இது பிரதி இல்லை. அசலையே கத்தரித்துவிட்டீர்.

படத்தை எடுத்துக்கொண்டு ஸமீமாவின் கந்தோருக்குப் போனேன். வழக்குப் பைலில் இருந்த ஆயுதப் படத்தை எடுத்து, உம்முடையதை அதற்கு மேலே வைத்துப் பார்த்தா. சேரவில்லை. நடுவில் ஒரு துண்டு இல்லை. தறப்பாளின் நீலம் ஒரு கீற்றாவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினா. இல்லை. இதை இப்படியே கொடுத்தால் இது எங்கே எடுத்தது, யாருடைய வீட்டு முற்றத்தில் எடுத்தது என்று அவர்கள் கேட்பார்கள், எங்களிடம் பதில் இருக்காது என்றா. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் ஆட்களை வெட்டிவிட்டுத் துவக்கை வைத்துக்கொண்டார்கள். நீர் துவக்கை வெட்டிவிட்டு ஆளை அனுப்பியிருக்கிறீர். இரண்டும் ஒரே கடதாசியில் இருந்தால்தானே தம்பி பிடித்தார்கள் என்பதற்குச் சாட்சி? என்னை ஏய்க்க நீர் இதைச் செய்தீர் என்று நான் நினைக்கவில்லை. அன்பில்தான் வெட்டினீர். முகாமில் அந்தக் கத்தரிக்கோலை வாங்கிய கைக்கு அது தெரியும். துவக்கைக் கண்டால் எங்கள் கை தானாகவே வெட்டப் போகிறது. ஆனால் இந்த ஒரு படத்தில் மட்டும் துவக்குத்தான் எங்களுக்குத் துணை. அது இருந்தால்தான் அவருக்கு இடமும் நாளும் இருக்கிறது. அது இல்லாமல் அவர் வெறும் தாடிக்காரர் ஒருவர்.

இன்னொன்றும் கேளும். அவர் படம் எடுக்கிறவனைப் பார்க்கவில்லை. கண் கீழே போயிருக்கிறது, கொஞ்சம் இடப்பக்கமாக. எதைப் பார்க்கிறார் என்று ஸமீமா யோசித்தா. எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அந்த உதட்டை நினைத்துப் பாரும். அவர் பார்ப்பது துவக்கை இல்லை, கேத்தலை. அவருக்கு அதிலிருந்து ஒரு மிடறு கொடுத்தார்களோ என்னவோ. இப்போது ஒவ்வொரு காலையும் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கிறேன், தண்ணீர் கொதிக்கிறது, எனக்குக் குடிக்க மனம் வருவதில்லை.

மிதுஷன் அன்று நனைந்து வந்து தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, சித்தப்பாவுக்கு எழுதுங்கோ. எனக்கு லண்டன் வேண்டாம். விசா கிடைக்காட்டி நான் இங்க படிக்கிறன். படத்தை முழுசா அனுப்பச் சொல்லுங்கோ" என்றான். அவனுக்காக நீர் பயப்படத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிவானியிடமும் அவன் போனில் கேட்டிருக்கிறான். அப்பா அந்தப் பைலை எங்கேயோ மாற்றி வைத்துவிட்டார், கேட்டால் கத்துகிறார் என்று அழுதாளாம். பிள்ளையை இதற்குள் இழுத்ததற்கு எனக்கும் மனவருத்தம். உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நான் வந்ததாக இருக்கக்கூடாது.

யோசெப்பின் அக்காவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அவருக்குச் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதற்கும் ஆஸ்பத்திரியில் நல்ல வார்த்தை சொல்லவில்லை. வியாழக்கிழமை படத்தைக் காட்டக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் முதல் கடிதம் எழுதிய நாளிலிருந்து, படம் வந்துவிட்டதா, அதில் எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்த மனுசியிடம் நான் எதை மறைக்க? படம் வந்தால் அன்ரனைத் தேடிப் பார்க்கலாம் என்று அந்தோனியார் கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

படத்தைக் கையில் கொடுத்தேன். உம்முடைய அண்ணாவைப் பார்த்து, கேதீஸ் தம்பி, பாவி, எப்படி மெலிஞ்சு போனாய் என்று சொல்லிவிட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. எல்லாருடைய வீட்டிலும் கத்தரிக்கோல் இருந்ததுதானே. பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து, வலப்பக்க ஓரத்தில் விரலை வைத்தார். நீர் வெட்டும்போது கவனித்திருக்கமாட்டீர். அண்ணாவின் காதுக்குப் பக்கத்தில் அடுத்தவனுடைய முழங்கை ஒன்று மிஞ்சியிருக்கிறது. தலைக்குப் பின்னால் கையைக் கோத்திருக்கிற ஒருவனுடைய மடிந்த கை. அவ்வளவுதான் அவன்.

இது என்ர பிள்ளையின்ர கை என்றார் அக்கா. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? அடுத்த நாள் காலையில் போன் எடுத்து, இல்லைப் போல கிடக்கு சரோ, அவன் இன்னும் கறுப்பு என்றார். பின்னேரம் திரும்ப எடுத்து, சாப்பாடு இல்லாமல் வெளிறியிருப்பான், அவன்தான் என்றார். நேற்று அன்ரனுடைய பழைய சேட் ஒன்றை எடுத்துக் கையின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறார் என்று தங்கச்சி சொன்னா. படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.

தம்பி, கோபத்தையெல்லாம் போன கடிதத்தோடு முடித்துவிட்டேன். இது கெஞ்சிக் கேட்பது. வெட்டின துண்டுகளை எறிந்திருக்கமாட்டீர் என்று நம்புகிறேன். அண்ணாவின் படத்தை நீரும் இத்தனை வருஷம் எறியாமல்தானே வைத்திருந்தீர். துண்டுகள் எந்த நிலையில் இருந்தாலும் அனுப்பும். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. நானும் ஸமீமாவும் பொருத்திக்கொள்வோம். அவை இல்லையென்றால், நீர் விசாவுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு பிரதி இருக்குமாம், நீர் கேட்டு எழுதினால்தான் தருவார்களாம் என்று ஸமீமா சொன்னா. சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்க உமக்கு இன்னும் பயமாக இருந்தால், அதைக்கூட நான் இப்போது கேட்கவில்லை. படத்தை மட்டும் தாரும். மிச்சத்தைக் கூண்டில் நின்று நான் சொல்லுகிறேன்.

உம்முடைய கை கால் சுகமாக இருக்கட்டும். இணுவில் வீடு நல்லபடி எழும்பட்டும், அதில் நீர் பேரப்பிள்ளைகளோடு பயமில்லாமல் இருக்கவேண்டும். அந்த முழங்கைக்கு உரிய முகம் உம்முடைய வீட்டில்தான் இருக்கிறது, தம்பி. அக்காவுக்குக் கண் தெரிகிற காலத்திலேயே அனுப்பிவிடும்.

என்றும் உம்முடைய மச்சாள்,
கேதீஸ்வரன் சரோஜினிதேவி.